மூன்றாம் மாடிக்குள் புரிய வேண்டும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று லிஃப்டில் ஒட்டியிருந்த அறிவிப்பை நானே படித்தேன். யாரிடமும் "என்னப்பா போட்டிருக்கு?" என்று கேட்கவில்லை. படித்து முடிப்பதற்குள் லிஃப்ட் மூன்று தடவை மேலே போய்க் கீழே வந்துவிட்டது. வரட்டுமே. நான் எழுபத்தோரு வருடம் காத்திருந்தேன், லிஃப்ட் எனக்காக மூன்று தடவை ஏறி இறங்கினால் குறைந்தா போய்விடும்?

முப்பத்தெட்டு வருடம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவன் நான். எண்களோடு குடித்தனமே நடத்தியிருக்கிறேன். எழுத்து மட்டும் வாசலோடு நின்றது. போன வருடம் நூலகத்து மாலை வகுப்பில் சேர்ந்து அதையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டேன். இப்போது கையில் கிடைத்ததை எல்லாம் படிக்கிறேன். மருந்து அட்டை, சோப்பு உறை, லிஃப்ட் கதவில் 'சாய்ந்து நிற்காதீர்'. சாய்ந்து நின்றுகொண்டுதான் படித்தேன்.

அறிவிப்பு சொல்வது இது. மோட்டார் பகலில் சூடாகிறது. புது விசிறி வர ஆறு மாதம் ஆகும். அதுவரை தினமும் மதியம் ஒன்று முதல் நான்கு வரை லிஃப்ட் ஓடாது. இதை முடிவு செய்ய 30ஆம் தேதி பொதுக்கூட்டம், வீட்டுக்கு ஓர் ஓட்டு. கீழே ஆதாரமாக ஒரு படம். பதினான்கு நிறத்தில் ஒரு வட்டம், அதுவும் சாய்ந்து படுத்த வட்டம், விரித்துக் காயவைத்த குடை மாதிரி.

படத்தைப் போட்டவர் எட்டாம் மாடிச் செயலாளர். எதற்கெடுத்தாலும் இந்த வட்டம்தான் போடுவார். அதனால் அவர் பெயரே குடை. மதியம் அவர் தூங்குகிற நேரம் என்பதும் ஊருக்கே தெரியும்.

மார்ச் 5, புதன்

வீட்டுக்காரியிடம் சொன்னேன். "அப்ப நான் எப்படி சீட்டாடப் போறது?" என்றாள். முதல் கேள்வியே அதுதான்.

தினமும் ஒன்றரைக்குக் கீழே பொது அறைக்குப் போவாள். ஐந்தாம் மாடி நர்ஸம்மாவும் இன்னும் இரண்டு பேரும் வருவார்கள். மூன்றரை வரை ஆட்டம். இவள் ஏமாற்றி ஜெயிப்பாள், மூன்று பேருக்கும் அது தெரியும், ஆனாலும் விடாமல் வருகிறார்கள். நட்பு என்றால் அதுதான் போல.

எங்கள் வீடு ஏழாம் மாடி. நூற்று இருபத்தாறு படி. அவளுடைய இரண்டு முழங்காலும் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி. இறங்கினாலும் இறங்கிவிடுவாள். ஏற முடியாது.

போன வருடம் லிஃப்ட் ஒன்பது நாள் கெட்டுக் கிடந்தது. நான்காம் நாள் தலை சீவுவதை விட்டாள். ஆறாம் நாள் என்னைத் திட்டுவதையும் விட்டுவிட்டாள்.

அது வெறும் ஒன்பது நாள். ஆறு மாதமா? முடியாது.

மார்ச் 7, வெள்ளி

குடையைப் பார்க்க எட்டாம் மாடிக்குப் போனேன்.

"சார், உங்க படத்துல மதியம் எங்க இருக்கு?"

"அதோ, பின்னால ஊதாவும் பக்கத்துல ரெண்டும். எவ்ளோ சின்னது பாருங்க பெரியவரே. யாருமே போறதில்ல."

"பின்னால இருக்கறதால சின்னதா, சின்னதா இருக்கறதால பின்னாலயா?"

தட்டைச் சாய்த்துப் பிடித்தால் எதிர்ப்பக்கத்துப் பலகாரம் சின்னதாகத்தான் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வட்டத்தில் மறைப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

எண்களைக் கேட்டேன். "உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றார். "படிக்கத்தான். புதுசாக் கத்துக்கிட்டேன்" என்றேன். கொடுத்துவிட்டார். மெக்கானிக் லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து எடுத்த கணக்கு, மணிக்கு மணி எத்தனை ஓட்டம் என்று.

மார்ச் 9, ஞாயிறு

மருமகள் தண்ணீர் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் கட்டம் போட்ட தாளில் எண்களை அடுக்கிப் படமாக்குவதுதான் அவள் பிழைப்பு. அவள் அதை ஸ்ப்ரெட்ஷீட் என்கிறாள். நான் கட்டத்தாள் என்கிறேன். அவளுடைய பழைய மடிக்கணினியை எனக்கு விட்டுக்கொடுத்தாள்.

ஒற்றை விரலால் தட்டினேன். காலை ஏழிலிருந்து எட்டு என்பதற்கு 7-8 என்று போட்டால், கட்டம் அதை ஆகஸ்ட் 7 என்கிறது. மதியம் 2-3 மார்ச்சாகிவிட்டது. பதினான்கு கட்டமும் இப்படியே.

"ஆக உங்க லிஃப்ட் ஆகஸ்ட்ல கிளம்பி மார்ச்ல போய்ச் சேருது மாமா" என்றாள் மருமகள்.

"இது மடத்தனமான பெட்டிம்மா. மணி கேட்டா தேதி சொல்லுது."

"முன்னால ஒரு ஒற்றைக் குறி போடுங்க. அப்ப நீங்க சொல்றத அப்படியே கேட்டுக்கும்."

போட்டேன். கேட்டுக்கொண்டது. முன்னால் ஒரு குறி போட்டதும் சொல்பேச்சு கேட்கிற ஜென்மம் இந்த வீட்டில் இது ஒன்றுதான்.

மார்ச் 10, திங்கள்

படம் வந்துவிட்டது! நான் போட்ட படம்! நான்!

மார்ச் 11, செவ்வாய்

நேற்றுப் பெருமைப்பட்டதை இன்று கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

தூண் தூணாக நிற்கிற படம். ஒவ்வொரு மணிக்கும் ஒரு தூண். குடைக்கு நான் சளைத்தவனா என்று தூணுக்கு ஒரு நிறம், தூணுக்கு நிழல், பின்னணியில் மேகம். எந்த நிறம் எந்த மணி என்று ஓரத்தில் ஒரு பட்டியல். காகிதத்தில் எடுத்துக் குடையின் அறிவிப்புக்குப் பக்கத்திலேயே ஒட்டினேன்.

நர்ஸம்மா ஏறினார். படத்தைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். ஐந்தாம் மாடி வந்துவிட்டது. "நல்லா இருக்குண்ணா" என்று சொல்லி இறங்கிவிட்டார். 'நல்லா இருக்கு' என்றால் புரியவில்லை என்று அர்த்தம். முப்பத்தெட்டு வருடம் லிஃப்டில் நின்று மனிதர்களைக் கேட்டவனுக்கு இது தெரியாதா?

தரையிலிருந்து மூன்றாம் மாடிக்குப் பன்னிரண்டு வினாடி. அதற்குள் புரியாத படம் படமே இல்லை. சொல்லி வைத்துக்கொள்கிறேன்.

மருமகள் வந்து உட்கார்ந்தாள். "எதுக்கு மாமா மேகம்?" நீக்கினேன். "நிழல்?" நீக்கினேன். "நிறம் எல்லாத்தையும் ஒண்ணாக்குங்க. எந்தத் தூணைப் பார்க்கணுமோ அதுக்கு மட்டும் வேற நிறம். மணியைத் தூணுக்கு அடியிலயே எழுதிட்டா அந்தப் பட்டியலே வேண்டாம். எண்ணைத் தூண் தலைமேல வைங்க." எல்லாம் செய்தேன். என் சொத்தையெல்லாம் பிடுங்கிவிட்டு வேட்டியோடு நிறுத்தியது போல இருந்தது. ஆனால் பார்த்ததும் புரிந்தது.

புரிந்ததுதான் கஷ்டம். காலை எட்டிலிருந்து ஒன்பது, அறுபத்து நான்கு ஓட்டம். மதியம் இரண்டிலிருந்து மூன்று, இருபத்தேழு. குடை பொய் சொல்லவில்லை. சாய்த்துச் சொன்னார், அவ்வளவுதான்.

மார்ச் 13, வியாழன்

நேற்று எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது?

மாலை. இருக்கிறது! பல் தேய்க்கும்போது தோன்றியது. எத்தனை ஓட்டம் என்பதா கேள்வி? யார் ஓடுகிறார்கள் என்பதல்லவா கேள்வி! அலுவலகக் கட்டடத்தில் எனக்கு இது மனப்பாடம். காலை நெரிசலில் தடி ஊன்றியவர்கள் வரமாட்டார்கள், கூட்டம் வடிந்த பிறகுதான் வருவார்கள். இங்கேயும் மதியம் ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்குக் கால் இல்லாத குறைதான்.

ஆனால் மெக்கானிக்கின் பெட்டிக்கு முழங்கால் தெரியாது. எண்ண ஓர் ஆள் வேண்டும்.

யார் அந்த ஆள்? அதையும் எழுத வேண்டுமா என்ன?

மார்ச் 17, திங்கள்

ஸ்டூல் போட்டு லிஃப்ட் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். காலை ஏழு முதல் இரவு ஒன்பது வரை, இன்று முதல் சனி வரை ஆறு நாள். படி ஏற முடியாதவருக்கு ஒரு கோடு. தடி, முழங்கால், கர்ப்பிணி, கைக்குழந்தை, காலில் கட்டு. கோடு போட எழுத்தே தேவையில்லை. வகுப்புக்குப் போகாமலே இதைச் செய்திருக்கலாம்.

குடை இறங்கி வந்தார். "என்ன பெரியவரே, பழைய வேலையா?"

"பழைய வேலைதான் சார். பொத்தான் மட்டும் நீங்க அமுக்கிக்கணும்."

மார்ச் 18, செவ்வாய்

மதியம் வீட்டுக்காரி வந்து, "நீங்க போய்க் கொஞ்சம் கண்ணை மூடுங்க. நான் கோடு போடறேன்" என்றாள். கல்யாணமாகி நாற்பத்தாறு வருடத்தில் இவ்வளவு பாசம் பார்த்ததில்லை. ஒன்றிலிருந்து நான்கு வரை தூங்கினேன். எழுந்து வந்து பார்த்தால் தாளெல்லாம் கோடு! மூன்று மணி நேரத்தில் அறுபத்தேழு!

ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கிறேன்.

மார்ச் 22, சனி

எண்ணி முடித்துத் தூண் போட்டேன். மதியத் தூண்கள் மூன்றும் கூரையைப் பிய்த்துக்கொண்டு நிற்கின்றன. மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்தாள். "மதியத்தை மட்டும் நாள் நாளாத் தனியாப் போட்டுப் பாருங்க மாமா."

போட்டேன். திங்கள் இருபது. புதன் பத்தொன்பது. வியாழன் இருபத்தொன்று. வெள்ளி பதினெட்டு, சனி பத்தொன்பது. நடுவில் செவ்வாய்க்கிழமை அறுபத்தேழு, குட்டையர் கல்யாணத்தில் நெட்டையன் மாதிரி.

"செவ்வாய்க்கிழமை என்ன ஆச்சு மாமா?"

எனக்குத் தெரிந்துவிட்டது. படத்துக்கு வாய் இல்லை, ஆனாலும் காட்டிக்கொடுத்துவிட்டது.

மார்ச் 23, ஞாயிறு

கேட்டேன். அவள் தலை சீவிக்கொண்டே பேசினாள்.

"ஆமா. நானும் நர்ஸம்மாவும் மத்த ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஏறி இறங்கினோம். அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? பொய்க் கணக்குடி அது!"

"பொய்யா? நான் ஏறினது நிஜம். எனக்கு முழங்கால் வலிக்கறது நிஜம். ஏறினா ஒரு கோடுன்னு சொன்னது நீங்க. இதுல எங்க பொய் இருக்கு? காட்டுங்க பார்க்கலாம்."

இவளிடம் நாற்பத்தாறு வருடமாகச் சீட்டில் தோற்பது இதனால்தான்.

"குடை கண்டுபிடிச்சா என்ன ஆகும் தெரியுமா? மிச்ச அஞ்சு நாளும் பொய்னு ஆயிடும்" என்றேன்.

சீப்பு நின்றது. "நான் மேலயே கெடக்கணும்னா பரவால்லியா உங்களுக்கு?"

சிரிக்காமல் கேட்டாள். அதுதான் என்னை என்னவோ செய்தது. பரவாயில்லையா? எனக்கா?

மார்ச் 25, செவ்வாய்

செவ்வாயை அழித்துவிட்டு இன்று மறுபடி எண்ணினேன். சாப்பாடும் ஸ்டூலிலேயே. பென்சிலை யார் கையிலும் கொடுக்கவில்லை. மதியம் மொத்தம் பத்தொன்பது.

மார்ச் 26, புதன்

புதுப் படம். ஆறு நாள் கணக்கு. மதியம் முப்பத்தாறு, நாற்பத்தொன்று, முப்பத்தொன்பது. ஆனால் காலை பத்திலிருந்து பதினொன்று முப்பத்து மூன்று. மிஞ்சிப்போனால் எட்டுக் கோடு வித்தியாசம். யார் மயங்குவார்கள் இதில்?

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை, ஆகவே எழுதுகிறேன். கட்டத்தாளில் ஓர் இடம் இருக்கிறது. தூண் எந்த எண்ணில் தொடங்க வேண்டும் என்று அங்கே சொல்லலாம். பூஜ்யம் இருந்த இடத்தில் முப்பது என்று போட்டேன்.

அடேயப்பா! மதியத் தூண்கள் விறுவிறுவென்று வளர்ந்தன. பத்து மணித் தூண் பணிந்து நின்றது. ஓர் எண்ணும் பொய் இல்லை, தலையில் எழுதியது எல்லாம் நிஜ எண். குடை சாய்த்தார், நான் வெட்டினேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்து ரசித்தேன். மறைப்பானேன், நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "காலைல இந்த வீட்ல யாருமே உயிரோட இல்லையா?"

பார்த்தால், ஏழு மணித் தூணையும் எட்டு மணித் தூணையும் காணவில்லை. முப்பதுக்குக் கீழே இருந்தவை எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டன. எனக்கு வெட்கமாகிவிட்டது. தரைத்தளத்தை இடித்துவிட்டு மூன்றாம் மாடியிலிருந்து கட்டடத்தைக் காட்டுகிறேனே, நான் ஒரு லிஃப்ட்காரனா? தரையிலிருந்து கிளம்பாத லிஃப்டை எவனாவது பார்த்திருக்கிறானா?

பூஜ்யத்தைத் திரும்ப வைத்தேன். தரை வந்தது. தரையோடு தரையாக இரண்டு குட்டித் தூண்களும் வந்தன. ஏழு மணிக்கு இரண்டு. எட்டு மணிக்கு மூன்று.

ஆறு நாளில் மொத்தமே ஐந்து கோடு.

குடையின் கணக்கில் எந்த மணி உச்சத்தில் நின்றது? அதே ஏழு, அதே எட்டு! மோட்டார் வெந்து சாவது அப்போதுதான். அந்த நேரத்தில் ஏறுகிறவன் எல்லாம் கால் உள்ளவன். ஏறக்கூட இல்லை, இறங்குகிறான்! இறங்குவதற்கு எதற்கடா லிஃப்ட்?

நோட்டில் இத்தனை ஆச்சரியக்குறி போட்டதில்லை. போட்டால் என்ன, காசா பணமா?

மார்ச் 27, வியாழன்

மெக்கானிக்குக் காவலாளியின் போனிலிருந்து பேசினேன். "காலைல அந்த ரெண்டு மணி நேரம் ஓடலைன்னா மோட்டார் சூடே ஆகாது பெரியவரே. மதியம் நிறுத்தவே வேணாம்."

"இதை ஏம்ப்பா முன்னாலயே சொல்லல?"

"மதியம் நிறுத்தலாமான்னு கேட்டாங்க. நிறுத்தலாம்னேன். காலைல நிறுத்தலாமான்னு யாரு கேட்டா?"

மார்ச் 28, வெள்ளி

ஒரே தாளில் இரண்டு படம், மேலும் கீழும், மணிக்கு நேர் மணி. மேலே லிஃப்ட் எத்தனை ஓட்டம். கீழே படி ஏற முடியாதவர் எத்தனை பேர். எல்லாத் தூணும் சாம்பல் நிறம், ஏழும் எட்டும் மட்டும் சிவப்பு. மேலே வானளவு, கீழே முழங்காலளவு. தலைப்பு வைக்க ஒரு மணி நேரம் யோசித்தேன். 'லிஃப்ட் பயன்பாட்டு விவரம்' என்று முதலில் எழுதினேன். அடித்தேன். 'காலை ஏழு முதல் ஒன்பது வரை இறங்குவோருக்குக் கால் இருக்கிறது' என்று வைத்தேன்.

லிஃப்டில் ஒட்டிவிட்டு உள்ளேயே நின்றேன். பார்சல் கொண்டுவருகிற ஓர் ஆள் ஏறினார், இந்தக் கட்டடத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர். பார்த்தார். ஒன்று... இரண்டு...

"ஓ, காலைல எல்லாரையும் படில இறங்கச் சொல்றீங்களா?"

மூன்றாம் மாடி இன்னும் வரவில்லை! அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பெட்டி கனம் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

கூட்டம். முப்பத்திரண்டு வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். குடை தன் குடையை விரித்தார். நான் என் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மின்விசிறிக் காற்றில் தூண்கள் நிலநடுக்கத்தில் ஆடுவது போல ஆடின.

"வேலைக்குப் போறவன் படில இறங்கி வேர்த்து விறுவிறுத்து ஆபீஸ் போகணுமா?" என்றான் ஆறாம் மாடிக்காரன்.

"இறங்கத்தான் தம்பி சொல்றேன். ஏறச் சொல்லலையே."

"உங்களுக்கென்ன, நீங்க காலைல வீட்ல இருப்பீங்க."

"நான் தினம் ஏழரைக்குப் பேப்பர் வாங்கப் போறவன். இறங்கி, திரும்ப ஏழு மாடி ஏறணும். இந்தப் படத்துல எனக்குத்தான் நஷ்டம். சந்தேகம்னா வந்து எண்ணுங்க."

குடை எழுந்தார். "அந்த அஞ்சு கோடு யாரு? அவங்க கதி?"

நல்ல கேள்வி. பகையாளியாக இருந்தாலும் நல்ல கேள்வி நல்ல கேள்விதான். "அஞ்சும் ஒரே ஆள் சார். காலில் கட்டுப் போட்ட மூணாம் மாடிக்காரர். காவலாளிகிட்ட சாவி இருக்கு, அவர் ஒருத்தருக்காக ஓட்டலாம்."

பிறகு குடை கேட்டார், "உங்க சம்சாரமும் அவங்க கூட்டமும் ஒருநாள் ஏறி ஏறி இறங்கினதா கேள்விப்பட்டேனே?"

வீட்டுக்காரி கூரையைப் பார்த்தாள்.

"ஆமா சார். அந்த நாளை அழிச்சுட்டு மறுபடி எண்ணினேன். அழிச்ச தாளும் இதோ இருக்கு."

வாங்கிப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தது, எனக்கு நிச்சயமில்லை. உட்கார்ந்துவிட்டார்.

பத்தொன்பது ஓட்டு, பதின்மூன்று ஓட்டு. பத்தொன்பது யாருக்கு என்று எழுதவில்லை. கை வலிக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

காலை ஏழரை. எனக்கு முன்னால் ஆறாம் மாடிக்காரன் முனகிக்கொண்டே இறங்கினான். பேப்பரோடு ஏறினேன். மூன்றாம் மாடியில் மூச்சு முட்டியது. நின்றேன். சும்மா நிற்பானேன் என்று கதவுகளில் இருந்த பெயர்ப்பலகைகளைப் படித்தேன். ஆறு வருடமாக லிஃப்டில் தாண்டிப் போன வீடுகள். மாடிக்கு நான்கு பெயர். வீட்டுக்கு வந்து சேர முக்கால் மணி நேரம். முழங்காலும் லேசாகப் பேசுகிறது. அதற்கு இன்னும் கோடு போடவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

லிஃப்டில் தண்ணீர்த் தொட்டி கழுவுவது பற்றிப் புது அறிவிப்பு. குடை போட்டது. வட்டம் இல்லை. ஒரே நிறத்தில் ஏழு தூண், தரையிலிருந்து. படித்துக்கொண்டிருந்தபோது அவரே ஏறினார்.

"எந்த மாடியில புரிஞ்சுது?"

"நாலு சார்."

"ஒரு மாடி அதிகமா இருக்கே" என்று தலைப்பைப் பார்த்து யோசித்தார்.

மதியம் மூன்று நாற்பதுக்கு வீட்டுக்காரி வந்தாள். லிஃப்ட் கதவு திறக்கும்போதே சத்தம் கேட்டது. நர்ஸம்மா சீட்டை மறைத்துவிட்டாளாம், உலகத்தில் நியாயமே இல்லையாம், எல்லாவற்றுக்கும் காரணம் நான்தானாம். செருப்பைக் கழற்றும்வரை திட்டினாள், கழற்றிய பிறகும் திட்டினாள்.

நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.